அறுபத்து நான்காவது பெயர்

சீயோன்விளைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அறுபத்து நான்கு பேர் சேர்ந்து கொடுத்த பெயர்ப் போர்வை வடக்கே மலைக்குப் போய்ச் சேர்ந்த பதினோராம் நாள் காலையில், பால் ஊற்ற வந்த வயலட், செம்பை நீட்டிய எப்சிபாளிடம், "சித்தி, கிளாடிசுக்கு வலது குதிகால் வெடிச்சிருக்கு. ராத்திரி பூரா எனக்கு உறுத்திக்கிட்டே கெடந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

எப்சிபாள் செம்போடு வாசலிலேயே நின்றாள். கிளாடிஸ் அவளுடைய ஒரே மகள். ரயிலில் மூன்று நாள், பஸ்ஸில் ஒரு நாள், அதற்கு மேல் கால்நடையாக ஏறவேண்டிய ஒரு மலைக்கிராமத்தில், மிஷனெரியாகப் போன புருஷனோடு நர்சாக இருந்தாள். அவளிடமிருந்து ஒரு கடிதமும் வந்திருக்கவில்லை. ஆனால் அன்று மத்தியானத்துக்குள், போர்வையின் வலது ஓரத்தில் பெயர் தைத்திருந்தவர்கள் தங்கள் பக்கம் ஆளில்லாமல் சில்லென்று கிடந்தது என்றும், இடது ஓரத்துக்காரர்கள் தங்கள் பக்கம் முழங்கால் முட்டியது என்றும் சொல்ல, பிள்ளை இடப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குகிறாள் என்பது கடைத்தெரு வரைக்கும் தெரிந்துபோனது. யாரும் இதற்கு வாயைப் பிளக்கவில்லை. பெயரைக் கொடுத்த இடத்தில் ஆளும் கொஞ்சம் இருக்கத்தானே செய்யும் என்று சங்கத்தலைவி ஜெபக்கனி அம்மாள் சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

போர்வை உண்டான விதம் இது. சீயோன்விளையில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். அரிசி விற்ற காசு வடக்கே போகும். முப்பது வருஷம் எப்சிபாளும் போட்டாள். புருஷன் செத்த அன்று மட்டும் அவள் வீட்டில் உலை வைக்கவில்லை, அதனால் அன்று மட்டும் போடவில்லை. அப்படிப்பட்டவள், அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலைக்கு உத்தரவு வாங்கி வைத்திருந்த மகள் உபவாசக் கூட்டத்தில் கையைத் தூக்கித் தன்னை ஊழியத்துக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே தேவசித்தம் என்ற மிஷனெரிப் பையனைக் கட்டிக்கொள்ளவும் சம்மதித்தபோது, சபைப் போதகர் ஐயரவர்கள் முகத்துக்கு நேரே, "நான் கைப்பிடி அரிசிதான் குடுத்தேன், ஐயா. கைப்பிள்ளையக் குடுக்கல" என்று சொன்னாள். கல்யாணத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு மகளோடு பேசவில்லை.

மலையில் குளிர் எலும்பைத் துளைக்கும் என்று சொன்னார்கள். சீயோன்விளையில் குளிர் என்றால் மார்கழி விடியலில் ஒரு மணி நேரம் மட்டும்தான். செம்மண் தேரிக்காட்டு ஓரத்தில் பிறந்து, சுட்டமணலில் செருப்பில்லாமல் ஓடப் பழகிய அந்தப் பெண்களில் ஒருத்தியும் அதுவரை கனத்த போர்வைக்குள் படுத்ததில்லை. ஆனாலும் மிஷன் பங்களாப் பெட்டியில் கிடந்த ஒரு பழைய வெள்ளைக்காரப் போர்வையைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். சங்கத்து வெள்ளைச் சீலைகளில் பழையதை ஒவ்வொருத்தியும் ஒரு சாண் சதுரமாக வெட்டி, அதில் தன் பெயரைச் சிவப்பு நூலால் சங்கிலித் தையலில் தன் கையாலேயே தைத்துத் தரவேண்டும் என்பது ஏற்பாடு. வரிசைக்கு எட்டாக எட்டு வரிசை; உள்ளே இலவம்பஞ்சு. யார் பெயர் எங்கே வருவது என்பதில் சண்டை வரக்கூடாது என்று ஐயரவர்கள் ஜெபம் பண்ணிச் சீட்டுப் போட்டார். கால்மாட்டில் வயலட் வந்தாள். தலைமாட்டில் ஜெபக்கனி அம்மாள் வந்தாள். கட்டிலை விட்டுத் தொங்கும் கீழ்க்கோடி மூலையில் சங்கத்துச் செயலர் அன்னப்பூ டீச்சர் வந்தாள். நெஞ்சுக்கு நேரே எப்சிபாள் வந்தாள்.

எப்சிபாள் தைத்துத் தரவில்லை. மூன்று முறை டீச்சர் வீட்டுக்கு வந்து கேட்டாள். மூன்று முறையும் காப்பி கிடைத்தது, துணி கிடைக்கவில்லை. கோயில் பீடத்துக்கு விரிப்புத் தைப்பதே எப்சிபாள்தான்; ஊரில் அவளைப்போல் ஊசி பிடிக்க ஆள் கிடையாது; அவள் பெயர் மட்டும் இல்லாமல், அதுவும் நெஞ்சில் வெறும் துணியாக, பெற்ற மகளுக்கே அந்தப் போர்வையை எப்படிக் கொடுப்பது என்று அன்னப்பூ டீச்சர் இரண்டு நாள் யோசித்தாள். பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாகத் தையல் சொல்லிக்கொடுப்பவள். பிள்ளைகள் தைக்காமல் விட்ட கைக்குட்டையைக் கண்காட்சிக்குமுன் தானே தைத்துமுடித்துப் பிள்ளை பெயரில் வைத்துப் பழகியவள். தன் சீலையிலேயே இன்னொரு சதுரம் வெட்டி, கதவைச் சாத்திக்கொண்டு, எப்சிபாள் என்று தைத்து, நெஞ்சில் வைத்துச் சேர்த்துவிட்டாள்.

வழியனுப்பு ஆராதனையில் பெயர்களை வாசித்தார்கள். அறுபத்து நான்கு பெயர்களும் வந்தன. கிளாடிஸ் போர்வையை மடியில் விரித்து, ஒவ்வொரு பெயராக விரலால் தடவிக்கொண்டே வந்து, ஒரு பெயரில் விரலை நிறுத்தி, பின்வரிசையைத் திரும்பிப் பார்த்து அழுதாள். எப்சிபாள் அந்தப் பெயரைத் தான் தைக்கவில்லை என்று எழுந்து சொல்லவில்லை. துணி கேட்டு மூன்று முறை வந்துபோனவள் யார் என்பது அவளுக்குத் தெரியும். குனிந்து பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினாள். பாட்டு முடிந்துவிட்டிருந்தது.

இப்படியாகத்தான், அறுபத்து மூன்று பெண்கள் அந்தப் பிள்ளையின் உறக்கத்தை ஆளுக்கொரு சாண் சுமந்துகொண்டிருக்க, அவளைப் பெற்றவளுக்கு மட்டும் ஒன்றுமே தெரியாமல் இருந்தது. காலையில் செய்தி வரும். பால்காரி மூலம் கால் வரும், இட்லிக்கடை மூலம் முழங்கால் வரும், கிணற்றடியில் தோள் வரும். எப்சிபாள் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் முன்னெல்லாம் ஒரு நடைக்கு எடுத்த தண்ணீரை மூன்று நடைக்கு எடுத்தாள். குதிகால் சேதி வந்த அன்றே விளக்கெண்ணெயில் மஞ்சளும் தேன்மெழுகும் போட்டுக் காய்ச்சி, ஒரு தகர டப்பாவில் ஊற்றி, துணி சுற்றித் தைத்துத் தபாலில் போட்டாள். கடிதம் வைக்கவில்லை. பதில் இருபது நாளில் வந்தது. 'அம்மா, எண்ணெய் கிடைத்தது. என் குதிகால் வெடித்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன்.' எப்சிபாள் மூன்று முறை பதில் எழுதினாள். மூன்றையும் அடுப்பில் வைத்தாள்.

சித்திரை மாதத்தில் கிளாடிசுக்குக் காய்ச்சல் வந்தது. அது வந்த நேரம் வெள்ளிக்கிழமை மூன்று மணி, சங்கத்துக் கூட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். வெயிலில் கோயில் ஓடு வெடிக்கிறது, விசிறிகள் ஆடிக்கொண்டிருக்கின்றன, ஜெபக்கனி அம்மாள் அசனப் பண்டிகைப் பந்திக்கு எத்தனை மூட்டை அரிசி என்று பேசிக்கொண்டிருக்கிறாள். அப்போது போர்வையின் கால்மாட்டு வரிசைக்காரிகளில் தொடங்கி, பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பல் கிட்டிக்க நடுங்க ஆரம்பித்தார்கள். வயலட்டின் பாதங்கள் தரையில் தாளம்போல் அடித்தன. ஜெபக்கனி அம்மாள் பேச்சை நிறுத்தாமலே நடுங்கினாள். கீழ்க்கோடி மூலைக்காரியான, எதுவும் தெரிய நியாயமில்லாத அன்னப்பூ டீச்சர், பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எப்சிபாள் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி பார்த்தாள், பிறகு இன்னொருத்தி பார்த்தாள், பிறகு எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நெஞ்சு அவளுடையது. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்தி, தோளைக் குறுக்கி, மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து அதேபோல் நடுங்கினாள்.

நடுக்கம் அடங்கியபின் ஜெபக்கனி அம்மாள் கேட்டாள். "நெஞ்சு எப்படி இருக்கு, எப்சிபாள்?"

"நெஞ்சு நல்லாத்தான் இருக்கு" என்றாள் எப்சிபாள். டீச்சர் சுவரைப் பார்த்தபடியே இருந்தாள்.

ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று மணிக்கு, காய்ச்சல் தவறாமல் வந்தது. ஊரும் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் அந்த நாட்களில் கடைசி இரண்டு பீரியடை விளையாட்டு என்று மாற்றினார். மூன்று மணி டவுன் பஸ், பெண்கள் இறங்கிப் புளியமரத்தடியில் நடுங்கி முடிக்கும்வரை இன்ஜினை நிறுத்திவிட்டு நின்றது; டிரைவர் வெளியூர்க்காரர், இந்து, அவர் யாரிடமும் காரணம் கேட்கவில்லை. டீக்கடைத் தங்கையா இரண்டரைக்கே சுக்குக் காப்பி போட்டு வைத்தான். "வெயிலு நூத்தி நாலு டிகிரி. எம் பொண்டாட்டி கம்பளி வாங்கித் தாங்கா. ஊர் சிரிக்குமேன்னா, ஊர்லதான் எல்லாருக்கும் நடுங்குதேங்கா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான், சொல்லிவிட்டு, கடையைப் பிள்ளைகளிடம் விட்டு, பொண்டாட்டிக்குத் தானே போய்க் காப்பி கொடுத்தான். வேறு ஊரிலிருந்து வந்த டாக்டர் பதினோரு பேரிடம் ரத்தம் எடுத்து, ஒருத்திக்கும் ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சபை மேலிடத்திலிருந்து இது உபதேசத்துக்கு ஒத்ததுதானா என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. நடுக்கத்துக்குப் பின் பெண்கள் வழக்கம்போல் சமைக்கிறார்கள் என்று ஐயரவர்கள் பதில் எழுதினார்.

தந்தி அடித்து, ஜீப் ஏற்பாடு பண்ணி, பிள்ளையைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு இறக்கிவிடலாமா என்ற பேச்சும் வந்தது. ஐயரவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். முழங்கால்காரர்கள் முழங்காலைச் சொன்னார்கள், தோள்காரர்கள் தோளைச் சொன்னார்கள். டாக்டரைக் கேட்டதற்கு, கை கால் நடுங்குவது மலேரியாவில் உள்ளதுதான், மாத்திரை விழுங்கினால் போகும், நெஞ்சு எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி என்றார். எல்லோரும் எப்சிபாளைப் பார்த்தார்கள்.

அந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், பெற்ற மகளுக்கு ஒரு சாண் துணியில் பெயர் தைத்துக்கொடுக்காதவள் என்பது அறுபத்து மூன்று பேர் முன்னால் தெரிந்துபோகும். அதைவிட, மகள் போர்வையைத் தொட்டு அழுதுகொண்டு போனாளே, அந்த அழுகை பொய்க்கு அழுதது என்று ஆகிவிடும். எதிரே அன்னப்பூ டீச்சரும் இருந்தாள். அவளும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், தேவனுடைய வீட்டில் கள்ளக் கையெழுத்துப் போட்டவள் என்று ஆகும். எப்சிபாளின் மானமும் அவளோடு போகும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல், மற்றவள் சொல்லிவிடுவாள் என்று ஆளுக்கொரு பக்கம் காத்திருந்தார்கள்.

"நெஞ்சுல ஒண்ணும் இல்ல. சீராத்தான் அடிக்கு" என்றாள் எப்சிபாள்.

நெஞ்சு நன்றாக இருக்கிறது என்பது கூட்டத்தில் தீர்மானமாகி, தந்தி நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு காய்ச்சல் நான்கு முறை வந்தது. நான்கு முறையும் எப்சிபாள் நாலு பேர் பார்க்க நடுங்கினாள். தனியே இருக்கும்போது தன் நெஞ்சின் மேல் கையை வைத்து, அங்கே தன்னுடையதல்லாத ஏதாவது ஒரு துடிப்பு, ஒரு சில்லிப்பு, ஒரு மூச்சு தெரிகிறதா என்று பார்த்தாள். தெரியவில்லை. வீட்டில் சூடாகத்தான் இருந்தது.

ஐந்தாம் முறை வரவேண்டிய நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்குப் பெண்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். நடுக்கம் வரவில்லை. காய்ச்சல் விட்டுவிட்டது என்று தங்கையா இருந்த சுக்குக் காப்பியைச் சும்மா கொடுத்தான். ஆனால் வயலட் கறந்த பாலோடு வழியில் நின்றவள் நின்றபடியே இருந்தாள். ஒவ்வொருத்திக்கும் தன் சாண் இடத்தில் ஒரு கனம் இருந்தது. அசையாத, சூடில்லாத கனம். ஒருத்தியும் மற்றவளிடம் அதைச் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் கிணற்றடி காலியாகிவிட்டது. எப்சிபாள் மூன்று நடை போனாள்; பேச ஆள் இல்லை.

மறுநாள் காலை வயலட்டும் வரவில்லை, பாலை அவள் புருஷன் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் பார்க்காமல் போனான். எப்சிபாள் இரண்டு சீலையையும் ஒரு டப்பா எண்ணெயையும் பையில் வைத்து, வீட்டைப் பூட்டி, மலைக்குப் புறப்பட்டு, பஸ்ஸுக்குப் போகிற வழியில் அன்னப்பூ டீச்சர் வீட்டுக்குள் நுழைந்தாள். டீச்சர் அடுக்களையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எப்சிபாள் உட்காரவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியல, டீச்சர்" என்றாள். "ஒருநாளும் தெரிஞ்சதில்ல. நடிச்சேன். உங்களுக்குத்தான் தெரியும். எம் பிள்ளைக்கு நெஞ்சு எப்படி இருக்கு?"

டீச்சர் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"திட்டுறதுக்கு வரல. வண்டிக்கு நேரமாச்சு. சொல்லுங்க."

"பத்து நாளா ஓட்டமா ஓடிச்சு, எப்சிபாள். குருவி நெஞ்சு மாதிரி. நீ நல்லாருக்குன்னு சொன்னப்பல்லாம் நான் வாயைத் தொறந்திருக்கணும்."

"இப்ப எப்படி இருக்கு?"

"நேத்து மூணு மணி வரைக்கும் தெரிஞ்சுது" என்றாள் டீச்சர்.

எப்சிபாள் பையைக் கீழே வைத்தாள். இரண்டு நாள் கழித்துத் தந்தி வந்தபோது அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

கிளாடிசை மலையிலேயே அடக்கம் பண்ணினார்கள். போர்வையை மடித்துத் துணிப்பெட்டியில் வைத்துவிட்டார்கள்போலும். நாலு மாதம் சீயோன்விளைப் பெண்களுக்குப் பெட்டிக்குள் இருக்கும் இருட்டும் பூச்சி உருண்டை வாசமும் மட்டும் வந்துகொண்டிருந்தன. ஆவணி மாதத்தில் தேவசித்தம் இளைத்துக் கறுத்து வந்து, மாமியார் முன்னால் பெட்டியைத் திறந்தான். போர்வையை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

நெஞ்சுச் சதுரத்தில், பெயருக்குப் பக்கத்தில், ஓர் ஊசி குத்தியிருந்தது. துருப்பிடித்திருந்தது. காதில் சிவப்பு நூல் கோத்திருந்தது.

"அவளுக்கு அன்னைக்கே தெரியும், அத்தை" என்றான் தேவசித்தம். "நீங்க இடதுகைக்காரி, உங்க சங்கிலித் தையல் இடது பக்கமா சாயும், இது வலது பக்கமா சாயுதுன்னு ரயில்லயே காட்டுனா. எண்ணெய் டப்பா வந்த அன்னைக்குத்தான் இந்த ஊசியக் குத்தி வச்சா. அம்மா வராம இருக்கமாட்டா, வந்தா அவ கையாலயே தைக்கட்டும், ஊசி தேடக்கூடாதுன்னு சொன்னா."

எப்சிபாள் அவனுக்குச் சோறு போட்டாள். ஐயரவர்களைப் பார்க்க அவன் போனபின், வெளிச்சம் விழுகிற ஜன்னலண்டை உட்கார்ந்து, அன்னப்பூ டீச்சர் தைத்த எழுத்துகளை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்தாள். தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்புக்குப் பித்தான் தைக்கக் காட்டிக்கொண்டிருந்த டீச்சர், நாள்பட்ட முள்ளை யாரோ மெல்லப் பிடுங்குவதுபோல நெஞ்சில் சுருக்குச் சுருக்கென்று வலிக்க, மேசையைப் பிடித்துக்கொண்டு, கடைசிக் கண்ணி கழலும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

மகள் கோத்துவைத்த நூல் போதுமானதாக இருந்தது. துரு ஊசி துணியில் இறங்க மறுத்தது. எப்சிபாள் அதைத் தலைமயிரில் தேய்த்துத் தேய்த்து இடது கையால் இறக்கினாள். பழைய துளைகள் தெரிந்தன. அவற்றை ஒட்டித் தன் துளைகளைப் போட்டாள். முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தபோது மணி மூன்று இருக்கும். ஆவணி வெயில் முற்றத்தில் வெள்ளையாய்க் கிடந்தது. அவள் கட்டிலில் படுத்து, தலைமாடு கால்மாடு பார்த்துப் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

தன் பெயருக்கு அடியில் ஒரு நெஞ்சு அடித்துக்கொள்வது அவளுக்குத் தெரிந்தது. முதன்முதலாகத் தெரிந்தது. அது யாருடையது என்று கண்டுகொள்ள வெகுநேரம் ஆகவில்லை. அது அவளுடையதுதான். வேறு எதுவும் அங்கே இல்லை.

அப்போதுதான் அவள் அழுதாள். செத்த சேதிக்கும் அழாதவள், சத்தம் வராமல், போர்வை முழுவதும் அதிரும்படி அழுதாள். ஊரில் தோள்காரிகளின் தோள் குலுங்கியது. விலாக்காரிகள் விலாவைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெபக்கனி அம்மாள் கழுத்தருகில் ஈரம் பட்டதுபோலத் துடைத்துக்கொண்டாள். டவுன் பஸ் யாரும் கேட்காமலே புளியமரத்தடியில் நின்றது. சூளையில், கடையில், வரப்பில், அடுப்படியில், அறுபத்து மூன்று பேரும் இருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். இது யாருடைய உடம்பு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. இது ஒருநாளோடு நிற்கப்போவதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தங்கையா கடையில் இருந்த சுக்கை எடுத்து இடிக்கத் தொடங்கினான்.

வயலட் மட்டும் எழுந்து வந்தாள். வரும்போது, கிளாடிசுக்கு அனுப்பியதுபோலவே தனக்கும் முன்னொரு நாள் எப்சிபாள் காய்ச்சிக் கொடுத்திருந்த எண்ணெய் டப்பாவை எடுத்துவந்தாள். கதவு சாத்தியிருக்கவில்லை. அவள் ஒன்றும் பேசாமல் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, தன் பெயர் இருந்த ஓரத்தைத் தூக்கி மடித்துவிட்டு, எப்சிபாளின் வலது பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்தாள்.

"இந்தக் கால்தான், சித்தி" என்றாள். "ஆழமா வெடிச்சிருக்கு. எனக்குத் தாங்கல."

எப்சிபாள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.